நடக்கும் சலவை இயந்திரம் குறித்த கூட்டு ஆய்வு

சலவை இயந்திரம் என்பது நின்ற இடத்தில் நின்று துணி துவைக்க வேண்டிய பொருள். இந்த விஷயத்தில் அதைத் தயாரித்த நிறுவனத்துக்கும் வாங்கிய மக்களுக்கும் ஆரம்பத்தில் கருத்து வேறுபாடு எதுவும் இருக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் வெளிவந்த புது ரகம், துணி பிழியும் கட்டம் வந்ததும் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நடக்கத் தொடங்கியது. ஒரு வீட்டில் அது குளியலறைக் கதவை வெளிப்பக்கமாக அடைத்துக்கொண்டு நின்றதில், உள்ளே இருந்த மாமனார், மருமகள் வேலையிலிருந்து திரும்பிய பிறகுதான் மீட்கப்பட்டார். இன்னொரு வீட்டில் ஜன்னல் கம்பியோடு கயிறு போட்டுக் கட்டிவைத்திருந்தார்கள்.

திட்டெல்லாம் நிறுவனத்தின் சர்வீஸ் மேனேஜருக்கு வந்து சேர்ந்தது. திரும்பி வரும் இயந்திரங்கள் குறையாவிட்டால் அந்த ரகத்தைத் தயாரிக்கும் கூடத்தையே மூடிவிடப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. அந்தக் கூடத்தில்தான் அவர் தொழில் பழகியிருந்தார். அங்கே வேலை செய்பவர்கள் கேன்டீனில் அவரைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்கப்புறம் அவர் தன் மேசையிலேயே சாப்பிட்டுக்கொண்டார்.

அவருக்கு ஓர் அக்கா. பல்கலைக்கழகத்தில் பேராசிரியை, அதிரும் பொருள் ஏன் அதிர்கிறது என்பதே அவளுடைய துறை. தம்பி வாங்கிக் கொடுத்த சலுகை விலையில் அவள் வீட்டுக்கும் ஓர் இயந்திரம் வந்திருந்தது. சமையலறை வரை வந்துவிடும் அதை அவள் கணவர்தான் ஒவ்வொரு முறையும் தள்ளிக்கொண்டு போய்ப் பழைய இடத்தில் விடுவார்.

"ஸ்பிரிங்காத்தான் இருக்கும்டா. லேபுக்கு ஒண்ணைக் கொண்டு வா. ஒரு வாரத்துல சொல்லிடறேன்," என்றாள் அக்கா.

"நாளைக்கே கொண்டு வரட்டுமா?"

"முறைப்படி செய்வோம். பின்னால யாரும் ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது."

முறை என்ற சொல்லை வாயிலிருந்து விட்டதற்காக அக்கா பிற்பாடு பலமுறை வருந்தினாள்.

பல்கலைக்கழகத்தில் தொழில்–கல்வி கூட்டாய்வுத் திட்டமிடல் மையம் என்று ஒன்று இருந்தது. மற்ற பல்கலைக்கழகங்கள் வைத்திருந்ததால் இவர்களும் வைத்திருந்தார்கள். கண்ணாடிச் சுவர்கள், நடுவே மூட்டை போன்ற இருக்கைகள். புத்தாக்கச் சிந்தனைக்காக வாங்கப்பட்ட அந்த இருக்கைகளில் உட்கார்ந்த மூத்த பேராசிரியர்களை இருவர் சேர்ந்து தூக்கிவிட வேண்டியிருந்தது. மையம் தொடங்கியதிலிருந்து எந்த நிறுவனமும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஆகவே அக்காவின் விண்ணப்பத்தைக் கண்டதும் இயக்குநருக்குக் கண் கலங்கிவிட்டது.

நிறுவனத்தின் சார்பில் புத்தாக்கத் துணைத்தலைவர் வந்தார். கோட்டு போட்டு, காலில் ஓட்டப்பந்தய ஷூ அணிந்திருந்தார். கூட்டுத் திட்டமிடல் பயிலரங்கு இனிதே தொடங்கியது. எல்லோரும் தங்கள் எண்ணங்களை வண்ணச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். தம்பி ஒரு மஞ்சள் சீட்டில் 'மெஷின் நடக்குது' என்று எழுதி ஒட்டினார்.

இயக்குநர் அதை வெகுநேரம் பார்த்தார். "இது சவாலா, வாய்ப்பா?"

"கோளாறு சார்."

"கோளாறுக்குன்னு சீட்டு இல்லையே. சவால்னா ரோஜா நிறம், வாய்ப்புன்னா பச்சை."

"ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிடலாம்," என்றாள் அக்கா.

"ஒரு வாரமா? ஒரு வார ஆய்வை யாரும்மா ஆய்வுன்னு ஒத்துக்குவாங்க? அஞ்சு வருஷமாவது வேணும். முதல் வருஷம் முழுக்கத் திட்டமிடல்."

கோளாறு, 'வீட்டுச் சாதனங்களின் தன்னிச்சையான இடப்பெயர்வு' என்று பெயர் மாற்றம் பெற்றது. அடுத்து, கிடைக்கப்போகும் முடிவு யாருக்குச் சொந்தம் என்று நிறுவனத்தின் வழக்கறிஞர் கேட்டார். என்ன முடிவு என்று தெரிந்தால் பங்கு பிரிக்கலாம் என்றார் இயக்குநர். பங்கு பிரித்தால்தான் முடிவைத் தேடத் தொடங்கலாம் என்றார் வழக்கறிஞர். இருவரும் ஒருவர் சொல்வதில் உள்ள நியாயத்தை மற்றவர் மனதாரப் பாராட்டினார்கள். மாதங்கள் ஓடின.

இதற்கிடையில் சர்வீஸ் மேனேஜரும் பேராசிரியையும் உடன்பிறந்தவர்கள் என்ற அதிர்ச்சித் தகவல் வெளியாயிற்று. திட்டம் கையெழுத்தாகும்வரை இருவரும் இயந்திரத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசக் கூடாது என்று உத்தரவானது.

அந்த வாரம் அக்கா வீட்டில் விருந்து. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இயந்திரம் தடதடவென்று அறையை விட்டு வெளியே வந்தது. அக்கா குழம்பைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தார். அது தம்பியின் நாற்காலியில் முட்டி நின்றது.

"வெயில் அதிகம்," என்றார் தம்பி.

"ஆமா," என்றாள் அக்கா.

"இது வீடா, கோர்ட்டா?" என்று கேட்டுக்கொண்டே அவள் கணவர் கையைக் கழுவிவிட்டு இயந்திரத்தைத் தள்ளப் போனார்.

மறுநாள் நிர்வாகம், கூடத்தை மூடும் மாதத்தைக் குறித்து நோட்டீஸ் ஒட்டியது. அதைக் கேள்விப்பட்ட அக்கா தன் வீட்டு இயந்திரத்தையே லேபுக்கு ஏற்றிக்கொண்டு போனாள். சொன்னபடியே ஒரு வாரம் முடிவதற்குள் விடை கிடைத்துவிட்டது. சிக்கன மேன்மைத் திட்டம் என்ற பெயரில் நிறுவனம் மெலிந்த ஸ்பிரிங்கைப் போட்டிருந்தது. பழைய ஸ்பிரிங்கை மாட்டியதும் இயந்திரம் சமர்த்தாக நின்றது. அக்கா நேராக மையத்துக்குப் போய்ச் சொன்னாள்.

இயக்குநர் முகம் வெளுத்துவிட்டது. "ஆராய்ச்சி பண்ணிட்டீங்களா? திட்டமிட்டுட்டு இருக்கும்போதா?"

"கூடத்தை மூடப் போறாங்க சார். முடிவும் கிடைச்சிடுச்சு."

"முடிவு கிடைச்சிட்டா நாங்க எதைம்மா திட்டமிடறது?"

வழக்கறிஞர்தான் நிலைமையைக் காப்பாற்றினார். "சக்கரமே இல்லாம ஒரு பொருள் தானா நகருது. இதை உலகத்துல வேற யாராவது செஞ்சிருக்காங்களா?"

"இல்லை," என்றார் துணைத்தலைவர், மூட்டை இருக்கையில் நிமிர முயன்றபடி.

"அப்போ இது கண்டுபிடிப்பு. நடையை நிறுத்தறது கண்டுபிடிப்பை அழிக்கிற குற்றம்."

சுவரில் இருந்த மஞ்சள் சீட்டை இயக்குநர் உரித்தெடுத்தார். அதே வாசகம் பச்சைச் சீட்டில் எழுதி ஒட்டப்பட்டது. ஒப்பந்தம் அன்றே கையெழுத்தானது. நடை ஆளுக்குப் பாதி சொந்தம்.

'உங்களைத் தேடி வரும் சலவை' என்ற விளம்பரத்தோடு அதே இயந்திரம் கூடுதல் விலைக்குக் கடைக்கு வந்தது. மக்கள் விடியற்காலையிலேயே வரிசையில் நின்றார்கள். மாமனாரைச் சிறைவைத்த குடும்பம் இரண்டாவதாக ஒன்று வாங்கியது. கூடத்தை மூடும் பேச்சு அடங்கி, மூன்றாவது ஷிப்டு தொடங்கியது. சிறந்த கூட்டாய்வுக்கான விருதை இயக்குநரும் துணைத்தலைவரும் ஆளுக்கொரு கைப்பிடியாகப் பிடித்து வாங்கினார்கள். பார்க்கும் இடமெல்லாம் இதே பேச்சு.

"உங்களுது எதுவரைக்கும் வரும்?"

"ஹால் தாண்டிடும். மாமியார் ரூம் வரைக்கும் போகும்."

புகார்கள் மட்டும் குறையவில்லை. "சார், எங்க மெஷின் வெச்ச இடத்துலயே நிக்குது. முழுப் பணமும் கட்டித்தான வாங்கினோம்?" என்று குரல் தழுதழுக்க ஆட்கள் அழைத்தார்கள். சர்வீஸ் மேனேஜர் வீடு வீடாகப் போய், மூன்றாவது ஷிப்டின் அவசரத்தில் தவறிப்போய் மாட்டியிருந்த நல்ல ஸ்பிரிங்கைக் கழற்றி மெலிந்ததைப் போட்டுவிட்டு வந்தார். ஆள் போதாமல் முன்பதிவு முறை வந்தது.

அக்கா வீட்டுக்கு ஒருநாள் எதிர்வீட்டம்மா வந்தாள். துணி பிழிந்துகொண்டே அசையாமல் நின்ற இயந்திரத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நடக்கறதில்லையா?"

"நடக்கக் கூடாதுங்க. அதுதான் சரி," என்று அக்கா ஸ்பிரிங்கைப் பற்றி விளக்கினாள். எதிர்வீட்டம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் கையைப் பிடித்து, "விடுங்க, மனசைத் தளர விடாதீங்க. துணியாவது துவைக்குதே," என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் மதியம் அக்காவின் கணவர் மாடிப்படியில் நின்றுகொண்டு மச்சானுக்குப் போன் செய்தார்.

"மாப்ளே, இந்தப் பக்கம் வந்தா அந்த ஸ்பிரிங்கை மாத்தி விட்டுட்டுப் போயேன். சும்மா சமையலறை வரைக்கும் வந்தாப் போதும். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்."

மறுமுனையில் முன்பதிவு நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"உங்க வீட்டுக்கு வியாழக்கிழமை வர்றேன் மாமா," என்றார் சர்வீஸ் மேனேஜர். "அக்கா நேத்து சாயங்காலமே பதிவு பண்ணிட்டா. ஹால் வரைக்கும் வரணும்னு சொல்லியிருக்கா."