விலைபோகாத கோழியால் கெட்ட வாக்கெடுப்பு

பொயானா ரேச்சே கிராமம்,
அக்டோபர் 2018, வாக்கெடுப்பு பாழாய்ப்போன வாரம்.

என் கையால் ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து தூக்கப்பட்ட ரெமுஸுக்கு, ஞானத்தகப்பன் பம்ஃபில் திரகிச்சானு எழுதுவது.

நானும் உன் ஞானத்தாய் சவேத்தாவும் இங்கே உடல் நலத்தோடு இருக்கிறோம். ஸ்பெயினில் நீயும் உன் அம்மா அவுரிக்காவும் அப்படியே இருக்கக் கடவுள் அருளட்டும். உன்னோடு இருக்கும் அந்த இனிகோவும் நலமாக இருக்கட்டும். ஒரு மனிதனின் நலத்தை வேண்டாமல் விடுவது கிறிஸ்தவனுக்கு அழகல்ல என்பதால்தான் எழுதுகிறேன், நீ இதற்கு வேறு பொருள் கொள்ள வேண்டாம். இந்த இடத்தோடு மரியாதை முடிகிறது. இனி வருவது என் வயிற்றெரிச்சல்.

ஆகஸ்டில் விடுமுறைக்கு வந்த நீ, முறைப்படி பின்னல் ரொட்டியும் ஒரு புட்டி ஒயினும் எடுத்துக்கொண்டு என் வீட்டுப் படியேறி, அந்த இனிகோவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, "ஞானப்பா, வசந்தத்துல நாங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கறோம். நீங்க வந்து மெழுகுவர்த்தி பிடிக்கணும். முடியாதுன்னா, வேற ஆளை வச்சுக்கோன்னு உங்க வாயால விடுதலை குடுங்க, இனிகோவோட மாமாவைக் கேட்டுக்கறோம்" என்றாய். தொட்டியிலிருந்து தூக்கியவனே கல்யாணத்தில் மெழுகுவர்த்தி பிடிக்க வேண்டும், இல்லையென்றால் அவன் வாயால் விடுவிக்க வேண்டும் என்ற நம் முறையை, இத்தனை வருடம் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்ந்தும் நீ மறக்கவில்லை. அதுதான் என் முதல் புகார். நீ முறை கெட்டவனாக இருந்திருந்தால் உன்மேல் கோபப்படுவது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். உனக்கு ஞானஸ்நானம் நடந்தபோது, பேச்சு வராத உனக்குப் பதிலாக நான்தான் சாத்தானைத் துறக்கிறேன் என்று சொல்லி மேற்கே பார்த்து மூன்று முறை துப்பினேன். ஸ்பெயின் அதே திசையில் இருப்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஆகஸ்டில் நான் உனக்குப் பதில் சொல்லாமல் பன்றிக்குத் தீனி வைக்க எழுந்து போனேன். ரொட்டியைத் தொடவில்லை. ரொட்டியை வாங்கிக்கொண்டால் சம்மதம் என்று அர்த்தம், அது உனக்கும் தெரியும். நான் திரும்பி வந்து பார்த்தால் அந்த இனிகோ சவேத்தாவின் மிளகாய் ஊறுகாயைக் கண்ணில் நீர் வழியத் தின்றுகொண்டு, நமக்குப் புரியாத பாஷையில் புகழ்ந்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து அவள் என் பக்கம் இல்லை.

பதில் சொல்ல எனக்கு ஒரு பெரிய துணை வருகிறது என்று நம்பியிருந்தேன். கல்யாணம் இரண்டு துணைவர்களுக்கு நடுவே நடப்பது என்று நம் அரசியல் சாசனத்தில் இருப்பதை, ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் நடுவே என்று மாற்றலாமா என்று நாட்டையே கேட்கும் வாக்கெடுப்பு. சனி, ஞாயிறு, இரண்டு நாள். நூற்றுக்கு முப்பது பேராவது வந்து போட வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. நாடே சொல்லிவிட்டால் நான் தனியாக உனக்குச் சொல்ல வேண்டியதில்லை அல்லவா. நான் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன், ஆனால் ரயில்வே கேட்டுக் காவலனாகக் குடிசையில் உட்கார்ந்து ஒரு ரயிலுக்கும் அடுத்த ரயிலுக்கும் நடுவே சாசனம் முழுவதையும் படித்தவன். மூடிய கேட்டை மாவட்டத் தலைவரின் கார் ஹாரன் அடித்தும் திறக்காதவன் என்று உன் அப்பாவே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அதனால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். மாவு மில்காரன், "ஆணும் ஆணும் கட்டிக்கச் சட்டத்துல இப்பவே இடமில்லையே அண்ணே, இல்லாத கதவுக்கு எதுக்குப் பூட்டு?" என்றான். விதவை பரஸ்கீவா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என் புருஷன் குடிச்சுட்டு வந்து என்னை அடிச்சப்ப உங்க சாசனம் எந்தப் பக்கத்துல இருந்துச்சு? அவரு ஆம்பளை, நான் பொம்பளை, எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு" என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் என்று இன்று வரை சாசனத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் முக்கால்வாசிப் பேர் வருகிறேன் என்றார்கள்.

வந்தது பார் கேடு. அதே ஞாயிற்றுக்கிழமை மளிகைக்கடை நிக்குவின் மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்தைப் பற்றி நாடு ஓட்டுப்போடும் நாளில் ஊர் முழுக்கக் கல்யாணத்துக்குப் போகிறது. அதற்கு ஞானத்தகப்பன் யார் என்றால் நான்தான். சனிக்கிழமை முழுவதும் ஊரின் பெண்கள் முட்டைக்கோஸ் இலையில் இறைச்சியை வைத்துச் சர்மாலே சுருட்டினார்கள், ஆண்கள் பன்றி அறுத்தார்கள், ஒருவரும் ஓட்டுச்சாவடி இருக்கும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. ஞாயிறு காலை கோயில், பிறகு மாப்பிள்ளைக்குச் சவரம், பெண் அழைப்பு, தாலாட்டு மாதிரி இழுத்துப் பாடும் விஸாரியோன் பாதிரியாரின் பூசை. நான் ஒரு திட்டம் போட்டேன். ஆளுக்கொரு பக்கமாகப் போய் ஓட்டுப்போட்டால் யாருக்குத் தெரியும்? விருந்து முடிந்ததும், வாத்தியக்காரர்கள் முன்னே வர, மாப்பிள்ளை பெண்ணோடு ஊரே சேர்ந்து சாலையைக் கடந்து கல்யாணக் கூடத்துக்கு எதிரே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போவோம், தலைநகர் புகாரெஸ்டில் இருப்பவர்கள் பார்க்கட்டும் என்று மேஜைமேல் ஏறி நின்று சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். காலையிலேயே போட்டுவிட்டு வரக் கிளம்பிய இரண்டு குடும்பங்களைக்கூட நான்தான் வழியில் மறித்துத் திருப்பி அனுப்பினேன்.

நிக்குவின் பிளம் சாராயம் நன்றாக இருந்ததால் விருந்து நீண்டது. ஓட்டுச்சாவடித் தலைவியான டீச்சர் ஸெனோவியா, கூடத்து வாசலில் வந்து நின்று, "பம்ஃபில் அண்ணே, மணி ஒன்பதுக்குப் பெட்டியைப் பூட்டிருவேன், பார்த்துக்கங்க" என்றாள். நோயாளிகளுக்குக் கொண்டுபோகும் கைப்பெட்டியை இங்கே எடுத்து வரலாமே என்றேன். "அது படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு அண்ணே." மில்காரன் உடனே, "இன்னும் ரெண்டு கிளாஸ் ஊத்துங்க டீச்சர், எல்லாரும் படுத்துருவோம், அப்பறம் கொண்டு வாங்க" என்றான். அவளே சிரித்துவிட்டு ஒரு தட்டு சர்மாலே வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்குப் பதற்றமில்லை. இன்னும் கோழி ஒன்றுதான் பாக்கி. சமையல்காரி பொரித்த கோழியை அலங்கரித்து ஆடிக்கொண்டு வருவாள், ஞானத்தகப்பன் பேரம் பேசி வாங்குவான், அவன் வாங்கி எழுந்தால்தான் மற்றவர்கள் மேஜையை விட்டு எழலாம். சாதாரணமாக இரண்டு பாட்டு நேரம்கூட ஆகாது.

சமையல்காரி யார் தெரியுமா, லியோந்தினா. உன் அம்மாவோடு ஒரே பெஞ்சில் படித்தவள். கோழியின் கழுத்தில் ரோஜா, அலகில் சிகரெட், அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஆடிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"பம்ஃபில் அண்ணே, கோழி வேணுமா?"

"வேணும். விலையைச் சொல்லு, ஊருக்கு ஜோலி இருக்கு."

"உங்க காசு எனக்கு வேணாம். ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாப் போதும், கோழி உங்களுது."

"கேளு."

"நம்ம அவுரிக்கா மகன் ரெமுஸ் கல்யாணத்துல கோழியை யாரு வாங்கப் போறா?"

அக்கார்டியன் வாசிப்பவன் கையை எடுத்துவிட்டான். "இது அதுக்கு இடமில்ல லியோந்தினா" என்றேன். "கல்யாணக் கூடம்ணே. கல்யாணத்தப் பத்திக் கேக்க இதவிட வேற இடம் ஏது?" நான் பணப்பையை அப்படியே மேஜைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்க்காமல் கோழியோடு ஒரு சுற்று ஆடிவிட்டுத் திரும்ப வந்து அதையே கேட்டாள். நான் பணப்பையை இன்னும் முன்னால் தள்ளினேன். அவளும் விடுவதாக இல்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. விஸாரியோன் பாதிரியார் என் காதருகே குனிந்து, "பம்ஃபில், ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலைப்பா, பெட்டியப் பூட்டப் போறாங்க" என்றார். "பொய் சொல்லச் சொல்றீங்களா சாமி?" "உண்மையத்தான் சொல்லேன்." "அது எனக்கே தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா?" பக்கத்தில் இருந்த சவேத்தா சும்மா இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. "ஏங்க, வாங்குவேன்னு சொல்லுங்க, இல்ல வேற எவனோ வாங்கட்டும்னு சொல்லுங்க. வாயில என்ன பசையா ஒட்டியிருக்கு?"

ரெமுஸ், நியாயமாக நான் சொல்ல வேண்டியது அந்த இரண்டாவது வரிதான். வேறு எவனோ வாங்கட்டும். அவ்வளவுதான். சொல்லியிருந்தால் கோழி என் கைக்கு வந்திருக்கும், வாத்தியம் முழங்க ஊரே சாலையைக் கடந்திருக்கும், நான் கோடையெல்லாம் சைக்கிள் மிதித்ததற்குப் பலன் கிடைத்திருக்கும். நான் வாயைத் திறந்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த வரி வரவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன். எந்த மாமாவோ, பேர் தெரியாத ஸ்பெயின்காரன் ஒருவன், உன் பக்கத்தில் மெழுகுவர்த்தியோடு நிற்பது மாதிரி கண்முன் வந்தது, திறந்த வாய்க்குள் ஒரு சர்மாலேயைப் போட்டு அடைத்துக்கொண்டேன். அப்படியே கோயில் மணி ஒன்பது அடித்தது. எதிரே பள்ளிக்கூடத்து விளக்கு அணைந்ததை ஜன்னல் வழியாக எல்லாருமே பார்த்தோம்.

பெட்டிக்குள் அலுவலர்கள் போட்ட சீட்டுகளைத் தவிர ஊர்க்காரர் சீட்டு ஒன்றே ஒன்று. அது நிக்கனோருடையது. நிக்கு அவனோடு வேலித் தகராறில் இருந்ததால் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. அந்தக் கோபத்தில் போய் 'வேண்டாம்' என்று குத்திவிட்டு வந்தேன் என்று அவனே கடைத்தெருவில் சொல்கிறான். அயர்லாந்தில் இதே விஷயத்துக்கு வாக்கெடுப்பு வந்தபோது ஆட்கள் கடல் தாண்டி ஊருக்கு வந்து ஓட்டுப்போட்டார்களாம், அவர்கள் போட்டது எனக்குப் பிடிக்காத ஓட்டு என்றாலும் வந்தார்கள். நம் ஆட்கள் ஒரு சாலையைத் தாண்டவில்லை. நாடு முழுக்கவும் முப்பது தேறவில்லை, அது செல்லாமல் போயிற்று. மற்ற ஊர்களில் என்ன கோழியோ எனக்குத் தெரியாது. யாரும் போகாதீர்கள் என்று துண்டுச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த தபால்காரரின் மகள் நேற்று என்னை நிறுத்தி, "ரொம்ப நன்றி அய்யா, நாங்க மாசக்கணக்கா கத்தியும் நடக்காததை நீங்க ஒரே ஆளா உக்காந்து நடத்திட்டீங்க" என்றாள். கிண்டல் இல்லை, உண்மையாகவே நன்றி சொன்னாள். அதைத்தான் தாங்க முடியவில்லை. பாதிரியார் என்னைக் கண்டால் தெரு மாறிப் போகிறார். எந்தப் பக்கத்துக்காக உழைத்தேனோ அந்தப் பக்கம் என்னைத் துரோகி என்கிறது, எதிர்ப் பக்கம் கை குலுக்குகிறது. நாட்டின் பதில் என்று எதையும் உன் கையில் கொடுக்க எனக்கு இல்லை. இந்த வயதில், இந்தக் கேட்டை மூடவும் தெரியாமல் திறக்கவும் தெரியாமல் நடுத் தண்டவாளத்தில் நிற்கிறேன்.

ஆகவே என் சொந்தப் பதிலையே எழுதுகிறேன், நன்றாகப் படித்துக்கொள். என் கருத்து மாறவில்லை. நான் வர மாட்டேன். விடுதலையும் தர மாட்டேன். இனிகோவின் மாமா அந்த மெழுகுவர்த்தியைத் தொட்டால் நான் உயிரோடு இருக்கும்வரை அது முறைகேடு. நகராட்சியில் இரண்டு சாட்சிகள் போதும் என்று அங்கே சொல்வார்கள், போதுமென்றால் அவர்களை வைத்துக்கொள், சாட்சி வேறு, ஞானத்தகப்பன் வேறு. இதுவே முடிவு. இதைப் பற்றி எனக்குத் தொலைபேசியில் பேச வேண்டாம், எடுக்க மாட்டேன்.

உன் அம்மாவின் முழங்கால் வலி குறையட்டும். நீ வேலை செய்யும் இடத்தில் ஏணியில் ஏறும்போது கவனம். தொட்டியிலிருந்து உன்னைத் தூக்கியபோது நான் கேட்ட ஆசீர்வாதங்கள் எல்லாம் திரும்பப் பெறப்படாமல் அப்படியே உன்மேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
மனம் மாறாத உன் ஞானத்தகப்பன்,
பம்ஃபில் திரகிச்சானு

பி.கு.: கடிதத்தை உறையில் போடுமுன் சவேத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். "ரொட்டியத் தொடலன்னு எழுதியிருக்கீங்களே, அது காஞ்சு போகுதேன்னு ஆகஸ்டுலயே உங்களுக்கு பீன்ஸ் சூப்புல ஊறப்போட்டுக் குடுத்தேன். ரெண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க" என்கிறாள். சாப்பிட்டது சாப்பிட்டதுதான், முறை என்று ஒன்று இருக்கிறது, அதில் நான் ஏமாற்ற மாட்டேன். இதற்கு நடுவே லியோந்தினா வந்து, விற்காத கோழி மணமக்களுக்கு ஆகாது என்று, பழையதாகிப்போன அதே கோழியை, சிகரெட்டோடு, சமையலறை மேஜைமேல் வைத்துவிட்டு அந்தக் கேள்வியையே மறுபடி கேட்டாள். கோழியை வாங்கிவிட்டேன். என்ன பதில் சொன்னேன் என்பது எனக்கும் அவளுக்கும் உள்ளது, ஆனால் ஸ்பெயின் பஸ்ஸில் என் உயரத்துக்கு இரண்டு மெழுகுவர்த்திகளைப் படுக்கவைத்துக் கொண்டுவர முடியுமா என்று டிரைவரிடம் விசாரித்திருக்கிறேன். அங்கேயும் தானே சமைக்கப்போவதாக லியோந்தினா சொல்கிறாள், உன் கல்யாணக் கோழியை அவ்வளவு மலிவாகத் தரமாட்டாளாம். சவேத்தா ஊறுகாய் ஜாடியைத் துணியில் சுற்றத் தொடங்கிவிட்டாள். இனிகோவுக்கு ஞானத்தகப்பன் யாராவது இருக்கிறாரா என்று கேட்டு எழுது. இல்லையென்றால் வேறு யாரையும் தேட வேண்டாம், நம் வழக்கத்தில் ஒருவனே இருவருக்கும் போதும். இதை வைத்து என் கருத்து மாறிவிட்டது என்று நினைக்காதே. அந்த வாக்கெடுப்பு மறுபடி வந்தால் முதல் ஆளாகப் போய் 'ஆம்' என்று குத்துவேன். அதனால், தேதி குறிக்கும்போது வாக்கெடுப்பு எதுவும் இல்லாத ஞாயிறாகப் பார்த்துக் குறி. இரண்டும் ஒரே நாளில் வந்தால் அந்த ஓட்டு மறுபடியும் வீணாகிவிடும்.