பெரியப்பா பிடித்த மோசடிக்காரி

மரியாதைக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

தங்கள் தம்பி மகள் பாப்பா வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் குழந்தை பூசணியும் நலம். அங்கே தங்கள் முழங்காலும் பெரியம்மாவின் சர்க்கரையும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். பூசணிக்கு இரண்டு பல் வந்துவிட்டது. இரண்டையும் என் தோளில்தான் சோதித்துப் பார்க்கிறாள். இப்போதுதான் தூங்கினாள், எந்த நிமிஷமும் எழுந்துவிடுவாள், அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நம் குடும்பத்து போன் குழுவில், "எச்சரிக்கை! இணையத்தில் நன்கொடை கேட்டு ஏமாற்றும் கும்பல்!" என்று சிவப்பு விளக்குப் படங்களோடு போட்டீர்களே, அந்தக் கும்பல் நான்தான் பெரியப்பா. கும்பல் என்றால் நானும் பூசணியும்.

உங்கள் மாப்பிள்ளை வெளியூரில் கட்டட வயரிங் வேலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். காண்ட்ராக்டர் சம்பளத்தை "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று இழுப்பது தெரியாது. தினமும் போன் பேசுவோம். "சாப்பிட்டியா?" "ம், வயிறு முட்ட. நீங்க?" "நானும்தான்." இரண்டு பொய்யர்கள் ஒருவரையொருவர் நம்பிவிட்டு போனை வைப்போம். மிக்ஸியை விற்றேன், ஸ்டூலை விற்றேன், பீரோவை விற்கலாம் என்றால் அதைத் தூக்க ஆள் இல்லை. மாடியில் இருக்கும் வீட்டுக்கார அம்மாவையும் குறை சொல்ல முடியாது. படியில் நின்றே சொன்னார்: "உன்னைப் பாத்தா பாவமாத்தாம்மா இருக்கு. ஆனா பாவத்தைக் கொண்டுபோய்க் குடுத்தா பேங்க்ல தவணைன்னு வாங்கிக்க மாட்டேங்கறான். ஒண்ணாம் தேதிக்குள்ள பாக்கியைக் குடுத்துடு, இல்லேன்னா வேற குடித்தனம் வருது."

நான் பொருளாதாரம் படித்தவள் என்று நீங்கள் ஊரெல்லாம் பெருமை பேசியது வீண் போகவில்லை. உட்கார்ந்து யோசித்தேன். பாக்கி இரண்டு மாத வாடகைதான். வெளியே போய்விட்டால் புது வீட்டுக்கு அட்வான்ஸே பத்து மாத வாடகை. இரண்டுக்கு வழியில்லாதவள் பத்துக்கு எங்கே போவாள்? குடத்தில் ஓட்டை விழுந்ததும் ஒரு பொட்டு மெழுகு வைத்தால் போதும், உடைந்த பிறகு மெழுகு மலையே வந்தாலும் பிரயோஜனமில்லை. அதனால் இணையத்தில் நன்கொடை கேட்டு ஒரு பக்கம் திறந்தேன். உங்களிடம் ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கல்யாணத்தன்று உங்கள் முன்னால் நின்று, "எங்க காலிலேயே நாங்க நிப்போம் பெரியப்பா" என்று வாய் கிழியச் சொன்னேனே, அந்த வாயை வைத்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

பேர் போட வெட்கம், போடவில்லை. படம் கட்டாயம் என்றார்கள். பூசணியோ கேமராவைப் பார்த்தாலே கொழுகொழு கன்னத்தோடு சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாராவது காசு கேட்பார்களே தவிர கொடுக்க மாட்டார்கள். அதனால் காலை வெளிச்சத்தில் ஒன்று, ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்று, அவள் முதுகை மட்டும் எடுத்துப் போட்டேன். போணி ஆக வேண்டுமே என்று முதல் நன்கொடையை நானே அனுப்பினேன். "தங்கள் தாராள மனசுக்கு நன்றி" என்று எனக்கே பதில் வந்தது. படித்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், ரொம்ப நாளாக யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை.

அப்புறம் வந்தது பெரியப்பா! பெரிய தொகை ஒன்றுகூட இல்லை. "இன்னைக்கு நடந்தே போயிட்டேன், பஸ் காசு இந்தாங்க" என்று ஒருவர். "எனக்கும் இப்படி ஒரு மாசம் இருந்துச்சு கண்ணு" என்று ஒரு தையல்காரம்மா. "குழந்தைக்குப் பல் வந்துடுச்சா?" என்று ஊர் பேர் தெரியாத ஒருவர். பல்லைப் பற்றி அவருக்கு நான் எழுதிய பதில் ஒரு பரீட்சைப் பேப்பர் அளவு இருக்கும், மனுஷன் பயந்துவிட்டார் போலிருக்கிறது, மறுபடி எழுதவில்லை. டீ காசும் பஸ் காசுமாகச் சேர்ந்தே ஒன்றரை மாத வாடகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் நீங்கள் துப்புத் துலக்கினீர்கள். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றும் உங்கள் கண் ஓய்வு பெறவில்லை. படத்தில் பூசணிக்கு எதிரே சுவரில் நீங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்த கடிகாரம். "நான் கொடுத்த கடிகாரம்! நம்ம பாப்பா வீட்டுப் படத்தை எவனோ திருடிட்டான்! நான் புகார் பண்ணிட்டேன், எல்லாரும் உடனே பண்ணுங்க!" நம் வீட்டுப் பெண் கேட்டிருப்பாள் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. நான் என்ன செய்தேன்? "நன்றி பெரியப்பா, ஜாக்கிரதையா இருக்கேன்" என்று பதில் போட்டேன். சின்ன அத்தை போன் பண்ணி, "புகார் பண்ணிட்டியாடி? பண்ணத் தெரியலையா? நான் சொல்றேன், அமுக்கு" என்று லைனிலேயே நின்றார். என் பக்கத்தின் மேல் நானே புகார் கொடுத்தேன் பெரியப்பா. உங்கள் மாப்பிள்ளையும் கொடுத்தார், கோபமாக. அவரிடமும் நான் சொல்லவில்லை.

இப்போது பக்கத்தை முடக்கிவிட்டார்கள். முதலில் புகார் செய்தவர் அதைத் திரும்பப் பெற்றால் திறப்பார்களாம். இல்லையென்றால் சனிக்கிழமை பஸ் காசு பஸ் காசாகவே திரும்பிப் போய்விடும், ஒன்றாம் தேதி நாங்கள் நடையைக் கட்ட வேண்டியதுதான். காசு வேண்டாம் பெரியப்பா, புகாரை மட்டும் வாபஸ் வாங்குங்கள். குழுவில் யாருக்கும் தெரிய வேண்டாம். பக்கம் முடங்கியதிலிருந்து போன் சத்தமே போடுவதில்லை. நேற்று ஃபிரிட்ஜ் உறுமியதும் "என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

பெரியம்மாவுக்கு என் அன்பு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மோசடிக்காரர்கள் கண்ணில் படாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் கும்பல் தலைவி
பாப்பா

பி.கு: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம், கிழித்துப் போடுங்கள். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் போன் சத்தம் போடுகிறது. பக்கம் திறந்திருக்கிறது. குழுவில் உங்கள் அறிவிப்பு: "அந்தப் படம் திருட்டு இல்லை. நம் சம்மதத்தோடுதான் போட்டிருக்கிறார்கள். இனி இதுபற்றி யாரும் பேச வேண்டாம்." பக்கத்தில் புது நன்கொடை ஒன்று, சரியாக ஒரு பேட்டரி விலை, கூடவே ஒரு வரி: "காலைப் படத்திலும் ராத்திரிப் படத்திலும் கடிகாரம் ஒரே மணி காட்டுகிறது. கவனிக்கவும். பழைய காசாளர்." பேட்டரி விடிந்ததும் வாங்கிவிடுவேன் பெரியப்பா. ஆனால் கடிகாரம் உயரத்தில் இருக்கிறது, எனக்கு எட்டாது, ஸ்டூலை விற்றுவிட்டேன். நீங்கள் நெட்டையானவர். ஒரு நடை வந்து போட்டுவிட்டுப் போங்களேன்.