சிகாகோவில் மூன்று வருஷம்

"மூணு நாள், மரியராஜ். பஸ் வேண்டாம், கைடு வேண்டாம். முழுக்க நடை. சிகாகோவுல எங்கே ஆரம்பிக்கணும், எங்கே முடிக்கணும், வழியில என்னென்ன பார்க்கணும், எல்லாத்தையும் நீ ஒரு பேப்பர்ல எழுதிக் குடு."

ஜெனரல் மேனேஜர் சாதிக் பாட்ஷா இதைச் சொல்லிவிட்டுச் சுலைமானி டீயை ஒரு மிடறு குடித்தார். எதிரே நின்ற மரியராஜ் ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

"நானா சார்?"

"பின்னே? இந்தக் கம்பெனியிலேயே சிகாகோவைப் பார்த்தது ரெண்டு பேர். ஒண்ணு நான். இன்னொண்ணு நீ."

அவருடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக இளவயது சாதிக் பாட்ஷா. படத்துக்குக் கீழே சிகாகோ என்று தங்க எழுத்து. அபுதாபி முசஃபாவில் இருக்கும் அந்த ஏசி கம்பெனிக்கு யார் வந்தாலும் முதலில் அந்தப் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

"சார், நீங்க அங்க படிச்சவரு. உங்களுக்குத் தெரியாததா?"

"அது ஆச்சு இருபத்தெட்டு வருஷம். ஊரே மாறியிருக்கும். மார்ச் லீவுக்குக் குடும்பத்தோட போறோம். ஜொஹரா ஒத்தக் கால்ல நிக்கிறா. வாப்பா படிச்ச ஊரை வாப்பாவே நடத்திக் கூட்டிட்டுப் போய்க் காட்டணுமாம். வழி தெரியாம நின்னா மக முன்னாடி மரியாதை என்னாகும்? நீ சமீபத்துல இருந்தவன். ஒரு வாரம் எடுத்துக்கோ."

மரியராஜ் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தான். அவன் குளச்சல்காரன். குளச்சலை விட்டால் அவன் பார்த்த ஊர்கள் தக்கலை, நாகர்கோவில், திருவனந்தபுரம் விமான நிலையம், முசஃபா, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். தக்கலையில் 'சிகாகோ கூலிங் சென்டர்' என்று ஒரு பிரிட்ஜ் ரிப்பேர் கடை. எதிர்க்கடைக்காரன் லண்டன் என்று பெயர் வைத்ததால், இந்தக் கடை முதலாளி சிகாகோ என்று வைத்தார். அங்கே மரியராஜ் மூன்று வருஷம் வேலை பார்த்தான். நாகர்கோவில் ஏஜென்ட் ஆபீசில் அவனுடைய பயோடேட்டாவை அடித்தவருக்குக் கட்டம் போதவில்லை. 'சிகாகோ, மூன்று வருஷம்' என்று அடித்து மிச்சத்தை வெட்டிவிட்டார். முசஃபாவுக்கு வந்த மூன்றாம் நாள் சாதிக் பாட்ஷா அவன் தோளில் தட்டி, "அட, நம்ம சிகாகோ ஆளு!" என்றபோதுதான் அவனுக்கே விஷயம் தெரிந்தது. அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு வருஷத்தில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். இப்போது பேமிலி விசாவும் கிடைத்து, டிசம்பரில் மனைவி அக்ஸா கைக்குழந்தையோடு வரப்போகிறாள்.

நல்லகாலம், சாதிக் பாட்ஷா அதற்குப் பிறகு ஒருநாளும் சிகாகோ பேச்சை எடுத்ததில்லை. மரியராஜும் லிப்டில் அவரோடு தனியாக மாட்டிக்கொள்ளாமல் ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டான்.

அன்று டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும் பொன்னுச்சாமியிடம் சொன்னான். பொன்னுச்சாமி கமுதிப் பக்கத்து ஆள், வெல்டர். ரூமில் இந்த ரகசியம் தெரிந்த ஒரே மனிதன்.

"இதுக்குப் போயி ஏண்ணே மொகத்தத் தொங்கப் போடுறீக? போன்ல மேப்பு இருக்குல்ல. தெருத்தெருவா போட்டோ வேற புடிச்சு வச்சிருக்கான்."

இருவரும் கட்டிலில் உட்கார்ந்து சிகாகோவில் இறங்கினார்கள். மில்லேனியம் பூங்காவில் தொடங்கினார்கள். அங்கே மொச்சைக்கொட்டை வடிவத்தில் ஒரு பெரிய எஃகுச் சிலை கண்ணாடிபோலப் பளபளத்தது. அதைப் பார்த்துவிட்டு மிச்சிகன் அவென்யூ வழியாக வடக்கே போய், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ஏரிக்குள் நீண்டிருக்கும் கப்பல்துறை வரை போனார்கள். முதல் நாள் நடை இரண்டரைக் கிலோமீட்டர். முப்பத்தைந்து நிமிஷம் என்றது போன்.

"இதெல்லாம் நம்ப முடியாதுண்ணே. வெள்ளக்காரன் கால நீட்டி நடப்பான். மேனேஜர் பொண்டாட்டிக்கு முழங்கால் வலின்னு நீங்கதான சொன்னீக? நடந்து பாத்து எழுதுனாத்தான் கணக்கு சரியா வரும்."

"எங்கலே நடக்க?"

"இங்கதான். கிலோமீட்டரு எங்க இருந்தாலும் கிலோமீட்டருதான?"

அதுவும் சரிதான் என்று பட்டது. செப்டம்பர் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. அவர்கள் தங்கியிருந்த கேம்ப் வாசலை மில்லேனியம் பூங்கா என்று வைத்துக்கொண்டார்கள். டயர் கடை வரிசை மிச்சிகன் அவென்யூ. ஆற்றுப் பாலத்துக்கு ஒரு கழிவுநீர் லாரி பொருத்தமாக நின்றுகொண்டிருந்தது. பொன்னுச்சாமிக்கு முழங்கால் வலி கிடையாது. ஆனாலும் மேனேஜர் மனைவிக்காக நொண்டி நொண்டி நடந்தான். முந்நூறு மீட்டருக்கு ஒருமுறை நிழலில் நின்று தண்ணீர் குடித்தார்கள். கப்பல்துறை என்று வைத்திருந்த வெல்டிங் பட்டறைக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

மரியராஜ் எல்லாவற்றையும் அப்படியே எழுதினான். எத்தனை நிமிஷம், எங்கே உட்காருவது, எங்கே தண்ணீர். முதல் நாள் கணக்கை வைத்தே மூன்று நாளைக்கும் மூன்று பக்கம். கடைசியில், எழுதுகிற உற்சாகத்தில், 'மாலையில் ஏரிக்கரையில் அமர்ந்து, தண்ணீரில் சூரியன் மறைவதைக் காணலாம்' என்று ஒரு வரி தானாக வந்து விழுந்தது. மேற்குக் கடற்கரைக் குளச்சல்காரனுக்குத் தண்ணீர் என்றால் சூரியன் மறைகிற இடம்தானே.

சாதிக் பாட்ஷா மூன்று பக்கத்தையும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

"என் வைஃபோட முழங்காலைக்கூட நெனச்சுப் பார்த்திருக்கியேப்பா!" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். "இந்த சூரியன் மறையறது... ஆமா. தினம் சாயங்காலம் அதைப் பார்த்துக்கிட்டேதான் நான் படிப்பேன்."

தன் வரி தப்பவில்லை என்று மரியராஜுக்கு நிம்மதி.

"நீ எங்கே தங்கியிருந்தே? அந்த வீட்டையும் வழியில சேர்த்துரு. பிள்ளைகளுக்கு ஒரு சுவாரசியமா இருக்கும்."

"அது... அந்த வீட்டை இடிச்சிட்டாவ சார்."

"அப்படியா?" என்றார் அவர். ஏனோ கொஞ்சம் யோசித்தார்.

இரண்டு நாள் கழித்து ஜொஹராவிடமிருந்து போன் வந்தது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். அபுதாபியிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அங்கிள், பிளான் சூப்பர்! பட் ஒரு டவுட். லேக் சிட்டிக்கு ஈஸ்ட்ல இருக்கு. சன்செட் எப்படி அங்கே தெரியும்?"

மரியராஜ் ஏணியில் நின்று ஏசி டக்ட் குழாய் வேலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தான். ஒரு படி இறங்கினான்.

"அது எழுத்துப் பிழைம்மா. சூரியன் உதிக்கிறதுன்னு இருக்கணும்."

"ஓ, சன்ரைஸ்! அப்போ மார்னிங் ஆறரைக்கே அங்கே இருக்கணும். ஐ லவ் இட்! அப்புறம், மார்ச்ல அங்கே ஃப்ரீஸிங்கா இருக்குமே, முந்நூறு மீட்டருக்கு ஒரு தடவை எதுக்குத் தண்ணி?"

"அது... சூடான காப்பின்னு வாசிக்கணும்."

"மூணு நாளும் சேர்த்து முப்பது காப்பியா அங்கிள்?"

"சின்ன கப்பும்மா."

வாப்பா படித்த காலேஜையும் பிளானில் சேர்க்கச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்த பிறகுதான் அவனுக்குச் சுருக்கென்றது. ஏரி கிழக்கே இருக்கிறது. அப்படியானால் சாதிக் பாட்ஷா தினம் சாயங்காலம் அங்கே எந்தச் சூரியனைப் பார்த்தார்?

ரூமில் பொன்னுச்சாமிக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

"கண்டுபுடிச்சிட்டாருண்ணே. படிச்ச மனுசனுக்கு ஏரி எந்தப் பக்கம்னு தெரியாதா? வேணும்னே தப்பாச் சொல்லி ஒங்க மூஞ்சியப் பாத்திருக்காரு. பெரிய ஆளுக நேராக் கேக்க மாட்டாக."

அது உண்மைதான் என்று மறுநாளே உறுதியாயிற்று. திருத்திய பிளானைக் கொண்டுபோனபோது மரியராஜ் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"சார், ஜொஹரா உங்க காலேஜையும் சேர்க்கச் சொன்னா. எந்தத் தெருன்னு சொன்னா எழுதிருவேன்."

சாதிக் பாட்ஷா கண் இமைக்காமல் அவனைப் பார்த்தார்.

"அதை இடிச்சுட்டாங்க," என்றார்.

தான் சொன்ன பொய்யை அப்படியே தன் மூஞ்சியில் திருப்பி அடிக்கிறார். இவ்வளவு தெரிந்துகொண்டும் கத்தாமல், திட்டாமல், டீ குடிக்கிறாரே, இந்த மனுஷன் என்னதான் செய்யப்போகிறார்?

அதற்கும் அவர் பதில் வைத்திருந்தார்.

"என் வைஃப் ரம்ஸியா சண்டை போடுறா. விடியக்காலையில அந்தக் குளிர்ல ஏரிக்கரைக்கு யாரு வருவான்னு. ஜொஹரா என்னடான்னா, இவ்வளவு தெரிஞ்ச அங்கிளையே கூட்டிட்டுப் போலாம்ங்கறா. எனக்கும் அது நல்ல யோசனையாத் தெரியுது. மார்ச்ல அங்கே ஒரு ஏசி கண்காட்சி இருக்கு. கம்பெனி சார்பா நீயும் வர்றே."

"நானா? சார், எனக்கு... முழங்கால் வலி சார்."

"என் வைஃபுக்கும்தான் வலி. சேர்ந்து மெதுவா நடங்க."

"டிசம்பர்ல அக்ஸா வருவா சார். கைக்குழந்தை..."

"ஒரு வாரம்தானே? என் தங்கச்சி வீட்டுல வச்சுப் பார்த்துப்பாங்க." சாதிக் பாட்ஷா எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இறுகியிருந்தது. "மரியராஜ், நீ வரலேன்னா நானும் போகல. டிக்கெட்டையே கேன்சல் பண்ணிருவேன். டைப்பிங் சென்டர்ல சித்தீக்கிட்ட சொல்லியிருக்கேன். நாளைக்கே போய் விசா பாரத்தை நிரப்பிரு. சும்மா யோசிக்காதே, கலாஸ், பேச்சு முடிஞ்சுது!"

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மரியராஜ் குப்பூஸ் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டுக்கொண்டிருந்தான்.

"அங்க கூட்டிட்டுப் போயி, நடுத்தெருவுல நிறுத்தி, 'இப்ப வழி சொல்லு பாப்போம்'னு கேப்பாருலே. பிள்ளைக முன்னாடி."

"கேப்பாரு. மடக்கிட்டு, திரும்பி வந்ததும் டெர்மினேசன்தான்," என்றான் பொன்னுச்சாமி. "ஒண்ணு செய்யுங்கண்ணே. மிச்சமிருக்க ரெண்டு நாள் நடையையும் இங்கயே நடந்து மனப்பாடம் பண்ணிருவோம்."

மரியராஜ் அவனை முறைத்தான்.

முகம்மது சித்தீக் கடையநல்லூர்க்காரர். முசஃபாவில் பதினைந்து வருஷமாக, விசா பாரங்களை நிரப்பித் தரும் டைப்பிங் சென்டர் நடத்துகிறார். யார் பெயர், யார் பாஸ்போர்ட், யாருக்கு எத்தனை பிள்ளை, எல்லாம் அவர் விரல் நுனியில். மரியராஜை எதிரே உட்காரவைத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, கேள்வி கேள்வியாகத் தட்டிக்கொண்டே போனார். தகப்பனார் பெயர், பிறந்த தேதி, வேலை. எல்லாம் சுலபமாக வந்தது.

"இதுக்கு முன்னாடி அமெரிக்கா போயிருக்கீங்களா?"

மரியராஜ் மேஜையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினான்.

"அண்ணே, ஆமாவா இல்லையா?"

"ஆமான்னு போட்டா?"

"எந்த வருஷம், எந்த விசா, எத்தனை நாள் தங்குனீங்கன்னு அடுத்த பக்கத்துல வரிசையாக் கேக்கும். பொய்யின்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் விசா கெடையாது."

"இல்லைன்னு போட்டா?"

"அதோட முடிஞ்சுது. அடுத்த கேள்வி."

"இந்தப் பாரம் எங்க மேனேஜர் கைக்குப் போகுமா?"

"ஒரு காப்பி கம்பெனிக்குப் போகும்ல."

மரியராஜ் எழுந்து நின்றான். மறுபடி உட்கார்ந்தான். கடைக்கு வெளியே ஒரு கிரேன் பின்னோக்கிப் போய்க்கொண்டு விடாமல் கூவியது. ஐந்து வருஷமாகச் சுமந்தது போதும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. தக்கலையையும், சிகாகோ கூலிங் சென்டரையும், போதாமல் போன கட்டத்தையும், கழிவுநீர் லாரியைப் பாலமாக வைத்து நடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னான். சொல்லச் சொல்ல மூச்சு இலகுவாயிற்று.

"இல்லைன்னே போடுங்க பாய்," என்றபடி கடைசியில் எழுந்து நின்றான். "நான் இப்பவே நேரா ஆபீசுக்குப் போய் சாதிக் பாட்ஷா சார் கால்ல விழுந்து உண்மையைச் சொல்லிருதேன். வேலை போனா போட்டு. அவரு அந்த ஊருல நாலு வருஷம் படிச்ச மனுஷன், அவரை இனியும் ஏமாத்த எனக்கு ஏலாது."

சித்தீக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு அவன் சட்டையைப் பிடித்து இழுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"பேசாம இரிங்கண்ணே. நேத்து அந்தாளும் இதே நாற்காலியில இருந்து இதே கேள்விக்கு 'இல்லை'ன்னு போடச் சொல்லிட்டு, 'மரியராஜுக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது, அவனை நம்பித்தான் நான் போறேன்'னு என் கையைப் புடிச்சுக் கெஞ்சிட்டுப் போறாரு."