புன்னக்கடவு டிராகனுக்கு இருப்பிடச் சான்று

புன்னக்கடவு கிராம நிர்வாக அலுவலர் குருநாதன், வேலை நாட்களில் காலை பத்து மணி முதல் மாலை ஐந்தே முக்கால் வரை தம் அலுவலகத்தில் இருப்பார் என்று அந்த அலுவலகத்தின் பூட்டிய கதவில் எழுதி ஒட்டியிருந்தது. பாண்டியம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். பதினோரு நாளாக வாசித்ததில் அது மனப்பாடமே ஆகிவிட்டது.

அவள் தொண்டியில் மீன் வாங்கிக் கருவாடு போட்டு விற்பவள். மகள் பூமயிலுக்கு மதுரையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. எல்லாத் தாளும் சரி, இருப்பிடச் சான்று ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமைக்குள் அதைக் கொடுக்காவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அன்று புதன்கிழமை.

"பொறந்ததுலருந்து இந்த ஊரைத் தாண்டாத எம் மக இந்த ஊர்லதான் இருக்கான்னு சொல்ல ஒரு ஆளு இல்லையே!" என்று கதவைப் பார்த்துத் திட்டினாள். கதவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. அந்த அலுவலகத்தில் பொதுமக்கள் குறையைக் கேட்டுவந்தது அது ஒன்றுதான்.

அந்த வழியாக வந்த தலையாரி பூமிநாதன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "சார் பாய் கடை மாடியில இருக்காரு. முக்கியமான மீட்டிங்."

பாய் என்றால் சதக்கத்துல்லா. துபாயிலிருந்து திரும்பி பிரவுசிங் சென்டர் வைத்தவர். வரும்போது சென்ட்டு, கம்பளி, டார்ச் லைட்டோடு ஒரு விளையாட்டுப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தார். ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, இருபது முகமுள்ள பகடையை உருட்டி, மாயத்தீவின் குகைக்குள் புகுந்து டிராகனைக் கொன்று புதையலை எடுக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் முடியும் என்று பெட்டியில் போட்டிருந்தது. கதை சொல்லும் பொறுப்பைக் குருநாதன் ஏற்று எட்டு மாதம் ஆகிறது. முதல் நாள் வீரர்கள் வாளை உருவிக்கொண்டு குகை வாசலுக்குப் போனபோது அவர், "இந்தக் குகை பட்டாவா, புறம்போக்கா?" என்று கேட்டார். அன்றைக்கு நின்ற ஆட்டம் இன்னும் வாசலிலேயே நிற்கிறது.

பாண்டியம்மாள் மாடியேறியபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"பறக்கும் கம்பளத்துக்கு எஃப்.சி. முடிஞ்சு மூணு நாளாச்சு. கீழே இறக்கு" என்றார் குருநாதன்.

மந்திரவாதி வேஷத்தில் இருந்த ஆட்டோக்காரர் பாக்கர் பதறிப்போனார். "சார், நடுக்கடலுக்கு மேல பறந்துக்கிட்டு இருக்கேன்!"

"அப்ப கடல்லயே இறக்கு. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

வீரன் சதக்கத்துல்லா கொட்டாவி விட்டார். "டிராகனை எப்பத்தான் சார் வெட்டுறது?"

"அவசரப்படாதீங்க பாய். அந்தக் குகையில வம்சாவழியா குடியிருக்குறதாச் சொல்லி அது இருப்பிடச் சான்று கேட்டு மனு போட்டிருக்கு."

"டிராகனா மனு போட்டுச்சு?"

"அது சார்பா நான் போட்டேன்."

"விசாரிச்சது யாரு?"

"நான்தான். அக்கம்பக்கத்துல நாலு பூதத்துக்கிட்ட வாக்குமூலம் வாங்கியிருக்கேன்."

பாண்டியம்மாள் தன் மனுவை நீட்டினாள். ஆபீஸ் வேலையை ஆபீஸில்தான் பேச வேண்டும் என்றார் அவர். ஆபீஸ் பூட்டியிருக்கிறது என்றாள் இவள். "அப்ப நாளைக்கு வாங்க" என்று மனுவை வாங்கித் தோல்பையில் போட்டுக்கொண்டு, டிராகனின் சான்றை எழுத ஆரம்பித்தார். பார்வை எண், நாள், நான்கு எல்லை, இணைப்பு ஐந்து. கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது. கடைசியில் முத்திரை குத்தினார். அது சர்க்கார் முத்திரைதான். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். ஏழே நிமிடத்தில் டிராகன் முறைப்படி குடியிருப்பவராகிவிட்டது.

பாண்டியம்மாள் கிட்டே போய்க் கேட்டாள். "ஏன் சார், அதுக்கு மட்டும் இம்புட்டு வெரசா நடக்குது?"

"அங்கன நான் பொறுப்புல இருக்கேன்ம்மா. ஒரு ஃபைல் நின்னாலும் எனக்குச் சோறு இறங்காது."

"இங்கன?"

"இங்கன நான் வேலைதானே பாக்குறேன்."

பன்னிரண்டு வருஷமாகக் கருவாடு விற்றவளுக்கு எந்தப் பக்கம் காற்றடிக்கிறது என்று தெரியாதா? சட்டென்று கோரைப்பாயில் உட்கார்ந்தாள். "அப்ப என் மகளையும் அங்கன சேத்துவிடுங்க."

காலியாக இருந்தது சூனியக்காரி வேஷம் ஒன்றுதான். பகடையை உருட்டினாள், பதினாறு விழுந்தது. தகுதி உண்டு என்றார் குருநாதன். பெயர் பூமயில், வயது பதினெட்டு, தொழில் சூனியம், இருப்பு புன்னக்கடவு வடக்குத் தெரு. ஆறாவது நிமிடமே முத்திரை விழுந்தது. அவள் கையை நீட்ட, "உரிய வழியில மேலிடத்துக்குப் போயிட்டுத்தான் வரும்" என்று அதையும் பையில் போட்டார். மாயத்தீவின் மேலிடம் என்பது மகா மந்திர மண்டபம். ஆனால் பை ஒன்றுதான். வியாழக்கிழமை தலையாரி அந்தப் பையை அப்படியே தாலுகா ஆபீஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மாலை பை திரும்பி வந்தது. பாண்டியம்மாளின் மனு மறுக்கப்பட்டிருந்தது: "மனுதாரரின் மகள் மேற்படி ஊரில் வசிப்பதற்கான இருப்பிடச் சான்று இணைக்கப்படாததால், இருப்பிடச் சான்று வழங்க இயலாது." டிராகனுக்கும், மந்திரவாதி பாக்கரின் ஆந்தை ஒன்றுக்கும், சூனியக்காரி பூமயிலுக்கும் சான்று சகல கையொப்பங்களோடு வந்திருந்தது. இவ்வளவு நேர்த்தியான தாள்களைக் கண்டு வருஷக்கணக்காகிறது என்று பிரிவு எழுத்தர் பாராட்டியதாகத் தலையாரி சொன்னான்.

பாண்டியம்மாள் மகளின் சான்றை உருவிக்கொண்டதும் குருநாதன் கையை நீட்டினார். "அதைக் குடும்மா, கிழிச்சிருவோம்."

"கையை வச்சீங்கன்னா கடிச்சிருவேன். சூனியக்காரியப் பெத்தவ நான்" என்று அதை முந்தானையில் முடிந்துகொண்டு மதுரை பஸ் ஏறினாள்.

கல்லூரியில் எழுத்தர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முத்திரை சரி, கையெழுத்து சரி. "தொழில் சூனியம்னு போட்டிருக்கே. கவர்மென்ட்டா, பிரைவேட்டா?"

பாண்டியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "பிரைவேட்டுதான் சார்."

"சரி" என்று பதிவு செய்தார். பூமயிலுக்கு இடம் உறுதியானது. பாண்டியம்மாள் கல்லூரி வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பதினான்கு நாளில் அழுதது அன்றுதான், அதுவும் சந்தோஷத்தில்.

விஷயம் ஊருக்குள் பரவியது. இப்படி ஒரு சுருக்கு வழி இருப்பதை யாரும் அதுவரை சொல்லவில்லையே என்று ஊரே பாய் கடை மாடியேறியது. பட்டா கேட்ட முனியசாமி பூதமானார். கடன் மனுப் போட்ட சாலிஹா கடற்கன்னியானாள். ஒரு மனுவும் திரும்பவில்லை. பொங்கலுக்குள் புன்னக்கடவு தாலுகாவிலேயே நிலுவையில்லாத கிராமம் என்று பெயர் வாங்கி, குருநாதன் மேடையில் சால்வையும் போர்த்திக்கொண்டார்.

மாசியில் ஓர் ஆணை வந்தது. பதிவேடுகளின்படி புன்னக்கடவில் பூதம் 212, சூனியக்காரி 164, கடற்கன்னி 97, டிராகன் 1, ஆந்தை 1 வசிக்கின்றன, மனிதர் எவருமில்லை. எனவே மனிதருக்கான ரேஷன் அரிசி நிறுத்தப்படுகிறது. மனிதர் இல்லாத ஊருக்குக் கிராம நிர்வாக அலுவலர் பணியிடமும் தேவையில்லை என்பதால், தற்போதைய அலுவலர் தாம் மனிதர்தான் என்பதற்கான சான்றை ஒரு வாரத்துக்குள் சமர்ப்பித்தால் மாறுதலுக்குப் பரிசீலிக்கப்படுவார்.

ஊர் திரண்டு வந்து குருநாதனைப் பிடித்தது. அவர் விளையாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். பூதமோ சூனியக்காரியோ யாரானாலும் மனிதர் என்று சான்று பெற வழி இருக்கத்தான் செய்தது: பகடையில் இருபது விழ வேண்டும், ஒருவருக்கு நாளைக்கு ஒரு வாய்ப்பு. ஆனால் அவரே மனுதாரர் ஆகிவிட்டதால் அவரே அதிகாரியாக இருக்க முடியாது. இந்த விதியை எழுதியதும் அவர்தான். ஆகவே முதல் பயனாளி என்ற முறையில் பாண்டியம்மாளைப் பொறுப்பு அதிகாரியாக நியமித்து, பகடையையும் அலுவலகச் சாவியையும் முத்திரையையும் ஒப்படைத்தார்.

ஆறாம் நாள் வரிசையில் குருநாதன் முதலாவதாக நின்றார். உருட்டினார். மூன்று விழுந்தது.

"இன்னொரு தடவை உருட்டிக்கிறேன்ம்மா. நாளைக்குள்ள நான் மனுசன்னு எழுதித் தராட்டி வேலை போயிரும். உனக்குத் தெரியாததா?"

பாண்டியம்மாளுக்குத் தெரியும். அவளுக்கே காலையில் பன்னிரண்டுதான் விழுந்திருந்தது. வீட்டில் அரிசி தீர்ந்து இரண்டு நாளாகிறது. பாவமாகத்தான் இருந்தது. வெளியே பூதங்களும் கடற்கன்னிகளும் காலிப் பையோடு வெயிலில் நின்றார்கள். ஆனால் இத்தனை காலம் மணலில் குந்தி மீன் கழுவியவளுக்கு அந்த நாற்காலி வெகு சுகமாக இருந்தது. மின்விசிறி வேறு ஓடியது. மணி மூன்றுதான் ஆகியிருந்தது.

"நாளைக்கு வாங்க சார்" என்று எழுந்தாள்.

எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைப் பூட்டினாள். காலை பத்து முதல் மாலை ஐந்தே முக்கால் வரை என்ற அறிவிப்பு அப்படியே இருந்தது. பெயரை மட்டும் மாற்றி எழுதியிருந்தாள்.