இரண்டாம் வளைவுப் பாசி

“மிதிக்காதீர்கள்” என்ற பலகையை வாசிக்க, மலையேற வந்த ஆறு பேர் பாசியின் மேல் ஏறி நின்றார்கள்.

பாதைக் காவலர் ஓடி வந்தார். “சார், இறங்குங்க! எதை மிதிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கோ, அது மேலதான் நிக்கிறீங்க.”

“எழுத்து பொடிசா இருக்கே. கிட்ட வந்தாதானே தெரியுது?”

பெரிதாக எழுதித் தர, பாதையில் அம்புக்குறி வரைகிற பெயின்டர் ஊரில் இல்லை.

பாசியை ஆராயும் ஆய்வாளர் காவலருக்குப் போனில் அடையாளம் சொல்லியிருந்தார்: இரண்டாம் வளைவு, பாறையோடு ஒட்டிய ஆரஞ்சுத் திட்டு. நகமளவு வளர வருஷக்கணக்காகும். செருப்புக்கால் பட்டால் போச்சு. திங்கட்கிழமை வந்து பார்ப்பார். பாசி அழிந்திருந்தால் பாதையை மூடிவிடுவார்கள். அடிவாரத்தில் காவலரின் மனைவி நடத்தும் டீக்கடையையும் மூட வேண்டியதுதான்.

காவலர் பலகையைப் பிடுங்கிவிட்டுச் சுற்றிலும் கயிறு கட்டினார். உள்ளே ஏதோ விசேஷம் என்று வரிசை நின்றது. ஒருவர் மாமியாரைக் கயிற்றுக்குள் தள்ளிப் படம் எடுத்தார்.

“இன்னும் கொஞ்சம் உள்ள போங்க அத்தை. சிரிங்க.”

“கண்ணுல படறதாலதானே வர்றாங்க?” என்றாள் மனைவி. “சாக்கு போட்டு மூடுங்க.”

மூடினார். மறுநாள் ஒரு குடும்பமே அதன்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தது.

“நல்ல ஏற்பாடு சார். ஒரு தலையணையும் வெச்சா புண்ணியமாப் போகும்.”

திங்கட்கிழமை காவலர் சாக்கை எடுத்தார். பாறை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. ஒரு பொட்டு ஆரஞ்சு இல்லை.

“உன் யோசனைதான்.”

“யோசனைதான் என்னுது. சாக்கு உங்களுது” என்றாள், பிளாஸ்க்கோடு உடன் வந்திருந்த மனைவி.

ஆய்வாளர் ஏறி வந்தார். காவலர் தொப்பியைக் கழற்றினார். “மேடம், என்னை வேலையைவிட்டு அனுப்புங்க. பாதையை மட்டும் மூடிடாதீங்க.”

அவர் காதில் வாங்கவில்லை. அந்தப் பாறையைத் தாண்டிப் போய், பின்னால் இருந்த பாறையின் முன் மண்டியிட்டு, அதிலிருந்த ஆரஞ்சுத் திட்டில் பூதக்கண்ணாடியை வைத்தார்.

“ஒரு செருப்புத் தடம் இல்லை! போன தடவையைவிட நல்லாப் பரவியிருக்கு. கூட்டத்தை எப்படித் திருப்பி விட்டீங்க? பாதை திறந்தே இருக்கட்டும்.”

காவலர் மனைவியைப் பார்த்தார். அவள் டீ ஊற்ற ஆரம்பித்திருந்தாள்.

பெயின்டர் ஆரஞ்சு பெயின்ட் டப்பாவோடு வளைவில் திரும்பினார். வெறும் பாறையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“அண்ணே, போன வருஷம் நான் இங்க கொட்டினது, டப்பா டப்பாவா தின்னர் ஊத்தியும் போகலை. நீங்க எதைப் போட்டுத் தேய்ச்சீங்க?”