எலுமிச்சம்பழத்தின் மேல் ஒரு சைக்கிள் ரேஸ்

நகராத சைக்கிளிலிருந்து ஒரு மனிதன் கீழே விழ முடியுமா என்று யாராவது உங்களைக் கேட்டால், "முடியும்" என்று தைரியமாகச் சொல்லுங்கள். சாட்சிக்கு என்னைக் கூப்பிடுங்கள். நான் விழுந்திருக்கிறேன். அதுவும் எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்கு முன்னால், குடும்பமே பார்த்துக்கொண்டிருக்கும்போது.

பிள்ளைகளே, நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் இந்தக் கதையை நானே எழுதிவிடுவதுதான் எனக்குப் பாதுகாப்பு. என் மனைவி செல்வி சொன்னால் இதைவிடக் கேவலமாக இருக்கும்.

எங்கள் வீடு பூந்தமல்லியில், மாடி போர்ஷன். வெளியே வந்தால் ஒரு பக்கம் மெட்ரோ வேலைக்குத் தோண்டிய ரோடு, மறுபக்கம் லாரி, பஸ், ஷேர் ஆட்டோ. அதனால் ஆறாவது படிக்கும் என் மகள் யாழினிக்குத் தெருமுனையைத் தாண்டி சைக்கிள் ஓட்ட அனுமதி கிடையாது. முனை வரை போவாள், திரும்புவாள். மறுபடி போவாள், திரும்புவாள். வண்டலூரில் கூண்டுக்குள் நடக்கும் புலியைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படித்தான்.

செல்வியின் தம்பி தினேஷ் கொரட்டூரில் ஒரு ஃப்ளாட்டில் இருக்கிறான். ஐ.டி. வேலை. ஆசை ஆசையாகப் பொருள் வாங்குவான், வாங்கியதைவிட வேகமாக அலுத்துப்போவான். (அவனுடைய கிடாரும் மீன் தொட்டியும் எங்கள் வீட்டுப் பரண்மேல்தான் ஓய்வெடுக்கின்றன.) ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஒரு கியர் சைக்கிளோடும் ஓர் இரும்பு ஸ்டாண்டோடும் வந்து இறங்கினான்.

சைக்கிளின் பின்சக்கரத்தை அந்த ஸ்டாண்டில் மாட்டி, டயர் ஓர் உருளையின் மேல் அழுத்தி உட்காரும்படி முறுக்கினான். முன்சக்கரம் அசையாமல் ஒரு பிளாஸ்டிக் கட்டையில் நின்றது. நாம் மிதித்தால் உருளை சுற்றும். எவ்வளவு வேகம் என்று உருளை டி.வி.யில் இருக்கும் ஆப்புக்குச் சொல்லும். அங்கே நமக்காக ஒரு பொம்மை ஆள் சைக்கிள் ஓட்டுவான். எந்தெந்த ஊரிலோ அவரவர் வீட்டில் மிதிப்பவர்கள் எல்லோரும் அதே ரோட்டில் பொம்மைகளாகப் பக்கத்தில் வருவார்கள். லாரி இல்லை, பள்ளம் இல்லை, நாய் இல்லை.

யாழினி சைக்கிளைத் தொட்டுப் பார்த்தாள். "மாமா, இது இங்கயே இருக்குமா?"

"நான் புதுசு வாங்கிட்டேன்டா கண்ணு. இத ஆபீஸ்ல ஒருத்தர் கேக்குறாரு, குடுத்துடலாம்னு இருக்கேன். சும்மா உங்களுக்குக் காட்டலாம்னு எடுத்துட்டு வந்தேன்."

அவள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் நான் வாயைத் திறந்தேன். அங்கேதான் தப்பு நடந்தது.

"ஏன்டா தினேஷ், இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? மொபெட் வாங்குறதுக்கு முன்னாடி எஸ்டேட்டுக்கு நான் டெய்லி சைக்கிள்லதான் போவேன். மழைல ஓட்டினவன்டா நான். ஃபேனுக்குக் கீழ ஓட்ட மாட்டேனா?"

(இந்த வசனம் எங்கள் வீட்டில் இன்றுவரை மறு ஒலிபரப்பு ஆகிக்கொண்டிருக்கிறது.)

தினேஷ் சிரித்தான். "அப்படியா? நாளைக்குக் காலைல புதுசா சேர்றவங்களுக்கு ஒரு ரேஸ் இருக்கு மாமா. இருபது கிலோமீட்டர். நானும் என் ஊட்லேர்ந்து ஓட்றேன். நீங்க முழுசா முடிச்சிட்டா மெஷின் யாழினிக்கு. பாதியில எறங்கினா ஆபீஸ்காரருக்கு. டீலா?"

"டீல்!" என்று யாழினி எனக்காகச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டில் எந்த வண்டி வந்தாலும் பூஜை போடாமல், சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் கிளம்பியதில்லை. செல்வி ஹேண்டில்பாரில் பூ சுற்றினாள், சந்தனம் குங்குமம் வைத்தாள், கற்பூரம் காட்டினாள். எலுமிச்சம்பழத்தை வழக்கம்போல முன்சக்கரத்துக்கு அடியில் வைத்தாள்.

நான் அதைப் பார்த்தேன். எனக்குள் இருந்த ஃபிட்டர் விழித்துக்கொண்டான்.

"செல்வி, முன்சக்கரம்தான் நகராதே? பழம் எப்படி நசுங்கும்?"

"அப்புறம் இன்னா பண்றது?"

"பின்சக்கரம் சுத்துதில்ல?" என்று பழத்தை எடுத்து, டயரும் உருளையும் சேரும் இடுக்கில் கச்சிதமாகச் செருகினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

டி.வி.யில் முப்பது நாற்பது பொம்மைகள் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். யாழினி போனை ஸ்பீக்கரில் போட்டு தினேஷோடு பேசிக்கொண்டிருந்தாள். மூன்று, இரண்டு, ஒன்று. மிதித்தேன்.

"டப்!"

பழம் வெடித்தது. சாறு காலண்டரில் பட்டது, சுவரில் பட்டது, செல்வியின் கண்ணில் பட்டது. சகுனம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மிச்சமிருந்த சதையும் தோலும் டயரில் அப்பிக்கொண்டன. நான் மிதிக்க மிதிக்க டயர் வழுக்கிக்கொண்டு சுற்றியது, உருளை மட்டும் கல்யாண வீட்டு மாமனார் மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தது. டி.வி.யில் எல்லோரும் பறந்தார்கள். என் பொம்மை கோட்டைத் தாண்டவே யோசித்துக்கொண்டிருந்தான்.

"மாமா, கெளம்பிட்டீங்களா இல்லையா?" போனில் தினேஷ்.

"பறந்துகினு கீறேன்டா!" என்றேன் மூச்சு வாங்க.

இறங்கித் துடைக்கலாம் என்றால், இறங்கினால் மெஷின் போய்விடும். செல்வி ஒரு கண்ணை மூடிக்கொண்டு துணியோடு வந்தாள். யாழினி, "வேணாம்மா, சக்கரத்துல சுத்திக்கும்!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தில் கீழ் வீட்டிலிருந்து ஹவுஸ் ஓனர் அக்காவே மேலே வந்துவிட்டார்.

"இன்னாப்பா, மேல மாவு மில்லு ஓட்டினுகீறியா? ஊடே ஆடுது!"

"ரேஸ் அக்கா... ரேஸ்..."

"இன்னா ரேஸு? எங்க போற நீ? இங்கயேதானே கீற?"

யாழினி மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னாள். அக்கா சக்கரத்தைக் குனிந்து பார்த்தார். பூஜைத் தட்டைப் பார்த்தார். தட்டிலிருந்த விபூதிக் கிண்ணத்தை எடுத்து, சுற்றுகிற டயரின் மேல் அப்படியே கொட்டினார்.

ஈரத்தை விபூதி உறிஞ்சியது, டயர் உருளையைக் கவ்விப் பிடித்தது. என் பொம்மை சீறிக்கொண்டு கிளம்பினான். ஆனால் டயரில் ஒட்டாத விபூதி முழுவதும் மேகமாக எழும்பி என் மேலேயே வந்து இறங்கியது. வேர்வையில் அது நன்றாக ஒட்டிக்கொண்டது.

அதன் பிறகு நான் ஓட்டினேன் பாருங்கள்! டி.வி.யில் ரோடு வளைந்தால் நானும் சாய்ந்தேன். இறக்கம் வந்தால் பிரேக் பிடித்தேன். யாராவது பொம்மை குறுக்கே வந்தால், "யோவ், ஓரமா போய்யா!" என்றேன்.

"அப்பா, பிரேக் புடிக்காதப்பா! அது நெஜ ரோடு இல்ல!"

"பழக்கம் வுடுதா?"

காலெல்லாம் கல்லாகிக்கொண்டிருந்த நேரத்தில் தூரத்தில் ஒரு பெரிய அலங்கார வளைவு தெரிந்தது. கொடி பறந்தது. இரண்டு பக்கமும் பொம்மை ஜனங்கள் கைதட்டினார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். (கடைசியாகத்தான் வந்துகொண்டிருந்தேன். அது வேறு விஷயம்.) வளைவைத் தாண்டியதும் மிதிப்பதை நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கி, ஓட்டுக் கேட்டு ஜெயித்தவர் போல நாலா பக்கமும் கும்பிட்டேன்.

"அப்பா! ரேஸ் முடியலப்பா! அது சும்மா வளைவு! இன்னும் ரெண்டு கிலோமீட்டர் கீது! மிதி, மிதி!"

பதறிப்போய் மிதியில் காலை அழுத்தினேன். கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்துக்கொண்டது. "அய்யோ" என்று காலை உதறினேன். அவ்வளவுதான். நகராத சைக்கிளிலிருந்து, துவைத்து மடித்து வைத்திருந்த துணிக் குவியலின் மேல், உடம்பு முழுக்க விபூதியோடு சாய்ந்தேன்.

"மாமா, உங்க ஆளு ஏன் நடு ரோட்ல ஒத்தக் கால ஊனிகினு நிக்கிறாரு?" என்றது போன்.

நான் எழ முயன்றேன். கால் வரவில்லை. யாழினி என்னைப் பார்த்தாள், டி.வி.யைப் பார்த்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சைக்கிளில் ஏறினாள். சீட் எட்டவில்லை, நின்றுகொண்டே மிதித்தாள். அவளை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. திரும்புவதற்குத் தெருமுனை இல்லாத ரோட்டில் முதல் தடவையாகப் போகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு, ஆனால் சிரித்துக்கொண்டு. நான் துணிக் குவியலில் கிடந்தபடியே, "வளைவுல பாத்துப் போம்மா!" என்றேன். யாரும் மதிக்கவில்லை. கோட்டைத் தாண்டினாள்.

ஹாலில் எல்லோரும் கத்தினோம். பிறகு எனக்கு மனசு கேட்கவில்லை. போனை வாங்கினேன்.

"தினேஷ், உண்மைய சொல்லிடறேன். கடைசியில மிதிச்சது நான் இல்ல."

"தெரியும் மாமா. உங்க மூச்சு சத்தம் நின்னுச்சு, ஆனா ஆளு மட்டும் வேகமா போனாரு. பாதியில எறங்கினா ஆபீஸ்காரருக்குன்னு சொன்னேன் இல்ல?"

யாழினி ஹேண்டில்பாரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். ஹவுஸ் ஓனர் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு போனை முறைத்தார்.

"நீங்க எங்க எறங்குனீங்க? வுழுந்தீங்க. வுழுந்தா இன்னான்னு நான் டீல்ல சொல்லவே இல்லையே!" என்று சிரித்தான் தினேஷ்.

அந்த மெஷின் இன்றும் எங்கள் ஹாலில்தான் இருக்கிறது. ஹவுஸ் ஓனர் அக்காவுக்காக அடியில் தடிமனான ரப்பர் பாய் போட்டிருக்கிறோம். யாழினி ஞாயிற்றுக்கிழமைகளில் ரேஸ் ஓட்டுகிறாள், அவள் இறங்கியதும் நானும் ஒரு ரேஸ் முயற்சி செய்கிறேன். செல்வி எலுமிச்சம்பழத்தை மறக்காமல் வைக்கிறாள். ஆனால் முன்சக்கரத்தின் அடியில் மட்டும். அது நசுங்குவதே இல்லை. ரேஸ் முடிந்ததும் அதைப் பிழிந்து, உப்புப் போட்டு, வீட்டில் கடைசியாக வந்தவருக்கு ஜூஸாகக் கொடுப்பது வழக்கம் ஆகிவிட்டது.

அந்த டம்ளர் இதுவரை வேறு யார் கைக்கும் போனதில்லை.