மாயாண்டிக்கு வந்த சிலிப்பு

செத்துப்போனவர்களுக்குச் சம்பளம் போட்டவள் என்ற பெருமை எனக்கு உண்டு. (அதுவும் ஒரே நாளில், வரிப் பிடித்தத்தோடு.) வேறு யாராவது செய்திருந்தால் அதற்கு ஊழல் என்று பெயர். நான் செய்தது வெறும் மக்குத்தனம்.

அப்போது கோச்சடையில், தண்ணீர் மோட்டாருக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் கணக்கு உதவியாளராக இருந்தேன். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. "புது சாஃப்ட்வேர்ல இந்த மாசச் சம்பளத்த ஒழுங்கா போட்டுக் காட்டு, ஆர்டர் தாரேன். இல்லேன்னா பழங்காநத்தத்துக்கு பஸ் ஏறிரு" என்று மேனேஜர் பாண்டியராஜன் சார் சொல்லியிருந்தார். பழங்காநத்தத்தில்தான் எங்கள் வீடு. அம்மாவும் நானும் மட்டும். அப்பா, நான் காலேஜில் கடைசி வருஷம் படிக்கும்போதே போய்விட்டார்.

அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார். கூலி அன்றன்றைக்குக் கையில் வரும். ஒருமுறை தவணையில் டிவி வாங்குவதற்காகத் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். கடைக்காரர் எல்லா டிவியையும் போட்டுக் காட்டிவிட்டு, "சேலரி ஸ்லிப் இருக்காண்ணே?" என்றார். "வீட்ல இருக்கு, எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான், "நீ படிச்சு மாசச் சம்பளத்துக்குப் போயிரு தாயி. அந்தச் சிலிப்ப மொதல்ல எங்கிட்டத்தேன் காட்டணும்" என்றார். கடைசிவரை அவருக்கு அது சிலிப்புதான்.

எங்கள் கம்பெனியில் அதுவரை சிலிப்பே கிடையாது. சம்பளம் சத்தமில்லாமல் பேங்கில் விழும். புது சாஃப்ட்வேர் ஆளாளுக்கு அச்சடித்துக் கொடுக்கும் என்றார்கள். ஆனால் முதலில் எல்லோருடைய விவரத்தையும் நான் ஏற்ற வேண்டும். அது வடக்கே யாரோ செய்த சாஃப்ட்வேர். ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம் என்று இரண்டு கட்டம் கேட்டது. நம்ம ஊரில் எவருக்கு இரண்டு பெயர் இருக்கிறது? ஒரு பெயரும் ஒரு இனிஷியலும்தானே! நான் மா. செல்வி. இதில் முதலில் வருவது எது? 'மா'. 'மா' என்றால்? மாயாண்டி. ஆக ஃபர்ஸ்ட் நேம் மாயாண்டி, லாஸ்ட் நேம் செல்வி. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டு கம்பெனி மொத்தத்துக்கும் அப்படியே ஏற்றினேன்.

அந்த சாஃப்ட்வேர் பாவம், என்னைத் தடுக்கத்தான் பார்த்தது. பான் அட்டையில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை, தொடரலாமா என்று சிவப்பில் கேட்டது. ஒவ்வொரு ஆளுக்கும் கேட்டுக் கழுத்தறுத்ததால், 'அனைவருக்கும் ஆம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பெயர் பொருந்தாவிட்டால் ஆளுக்குப் பான் எண்ணே இல்லை என்று முடிவுகட்டி, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை வரியாகப் பிடித்துவிடும் என்பது எனக்குத் தெரியாது. சிலிப்பில் ஃபர்ஸ்ட் நேம் மட்டும்தான் அச்சாகும் என்பதும் தெரியாது.

மறுநாள் காலை சிலிப்பெல்லாம் அவரவர் கைக்குப் போனது. ஸ்டோர்ஸ் பார்க்கும் ஜமால் அண்ணன்தான், தன் அப்பா பெயர் அச்சான சிலிப்போடு முதலில் வந்தார்.

"ஏம்மா செல்வி, எங்கத்தா மவுத்தாகி எம்புட்டோ வருசமாச்சு. அவருக்கு எதுக்கும்மா சம்பளம்? அதுலயும் வரி வேற புடிச்சிருக்க. நான் புள்ளைக்குப் பீஸ் கட்ட வேணாமா?"

அதற்குள் மேனேஜர் ரூமிலிருந்து ஒரு கத்தல்.

"செல்வி! ஹால்ல மாலை போட்டு மாட்டியிருக்கே ஒரு படம், அது யாரு?"

"முதலாளியோட அப்பா சார்."

"அவருக்கு எதுக்குச் சம்பளம் போட்ட? முதலாளி சிலிப்பக் கையில வச்சுக்கிட்டுப் படத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாரு! சரி, இந்த மாயாண்டி யாரு? பாலினம் பெண்ணு, பதவி கணக்கு உதவியாளர்னு போட்டிருக்கு?"

"எங்கப்பா சார்" என்றேன். அழுகை வந்துவிட்டது. ஆர்டர் போச்சு என்ற பயத்தில் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். பயம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்தத் தாளில் 'பணியாளர்: மாயாண்டி' என்று அச்சாகியிருந்ததைப் பார்த்துத்தான் அழுதேன். அதை முதலில் காட்டச் சொன்ன ஆள்தான் இல்லை.

நல்லவேளை, பணம் இன்னும் பேங்குக்குப் போகவில்லை. ஜமால் அண்ணன் பான் நகல்களை வைத்துக்கொண்டு பெயர் பெயராக வாசிக்க, நான் திருத்தித் திருத்தி வரியையும் மறுபடி கணக்கிட்டேன். சாயங்காலம் புது சிலிப்பைக் கொடுத்துப் பழையதையெல்லாம் கிழிப்பதற்காகத் திரும்ப வாங்கினோம். மேனேஜர் எண்ணிப் பார்த்தார்.

"ஒண்ணு குறையுதே?"

"மாயாண்டியோடது சார். எங்கிட்டயே இருக்கட்டுமே."

காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்த மனிதர் குரலைத் தணித்தார். "சரி, வச்சுக்க. ஆர்டர் மட்டும் இன்னும் மூணு மாசம் கழிச்சுத்தான். ஒனக்கும் சரி, ஒங்கப்பாவுக்கும் சரி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சிலிப்பைக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் பெயரைப் படித்து, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "இது என்ன, கழிச்சிருக்கு?" என்றாள்.

"வரிம்மா."

"அடிப்பாவி! உசுரோட இருந்தப்ப ஒருத்தங்கிட்டயும் அஞ்சு பைசா ஏமாறாத மனுசன். செத்த பெறகு வரி புடிச்சுப்புட்டியேடி!"

சிரித்தோம், அழுதோம், மறுபடி சிரித்தோம். அப்பா இருந்திருந்தால் அந்தச் சிலிப்போடு நேராக அந்த டிவி கடைக்குத்தான் போயிருப்பார். பெண்ணு என்று போட்டிருப்பதையெல்லாம் அவர் கண்டுகொண்டிருக்கவே மாட்டார். தேய்த்த சட்டையோடு ஒரே ஒருமுறை அவர் அந்தக் கடைப்படி ஏறுவதைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இன்றைக்கு அதே கம்பெனியில் சம்பளப் பிரிவு முழுக்க என் பொறுப்பு. மாசம் பிறந்தால் அம்மா தவறாமல் கேட்பாள்.

"ஒங்கப்பாவுக்குச் சம்பளம் போட்டாச்சா?"

"அவரு லீவும்மா."

"அம்புட்டு நாளு லீவு போட்டா வேலைய விட்டுத் தூக்கிற மாட்டாகளாடி?"

"சம்பளம் போடுறது நாந்தானேம்மா. தூக்க விட்ருவேனா?"